இளைஞரும் உயர் குருதியமுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

பெரும்பாலான நோய்கள் நோயாளியின் முறைப்பாட்டிலிருந்து அறியப்பட்டவை. உயர் குருதியமுக்கமோ ஒரு கருவியினால் அறியப்பட்டது. 1896 இல் இத்தாலிய வைத்தியரான றிவா-றொச்சி, புயத்தைச் சுற்றிக் காற்றுப்பட்டி கட்டி, இரசநிரலின் உயரத்தால் அமுக்கத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். 1905 இல் ருசியரான கொறொற்கோவ், பட்டியின் கீழ் நாடியில் எழும் ஒலியைக் கேட்டு மேலளவு, கீழளவு இரண்டையும் குறிக்கும் வழியைக் கண்டார். அதன்பின், எவ்வித வேதனையுமின்றி நடமாடும் ஒருவரையும் நோயாளர் வரிசையிற் சேர்த்தல் இயல்வதாயிற்று.

கருவியின் பயனை உணர்வதில் வைத்தியசாலைகளைக் காட்டிலும் காப்புறுதிக் கம்பனிகள் முந்திக்கொண்டன எனலாம். 1907 அளவில் ஐக்கிய அமெரிக்காவில் ஆயுட் காப்புறுதி கோருவோரின் அமுக்கம் அளக்கப்படலாயிற்று. யார் முன்னதாக இறப்பர் என்பதிற் பணம் முடக்கியவர்களுக்கு அந்த அளவு வெறும் எண்ணன்று. சிறிதளவு உயர்வும் ஆயுளைக் குறைக்கின்றது என்பது அவர்களது கணக்கேடுகளில் விரைவிலேயே புலனாயிற்று. வைத்தியர் பலர் இதனை ஏற்கத் தயங்கினர். தடித்த குழாய்களினூடே குருதியைச் செலுத்த உடல் தானே மேற்கொள்ளும் ஏற்பாடே அவ்வுயர்வு என்பது அக்காலத்தில் வலுவாக நிலவிய கருத்தாகும். ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் அமுக்கம் 1944 மார்ச்சில் 186/108 ஆக இருந்தது. 1945 ஏப்பிரலில் மூளைக் குருதிப்பெருக்கால் அவர் இறந்தார். நாட்டின் தலைவருக்கே அன்று வழங்கத்தக்க நல்ல மருந்து இருக்கவில்லை.

மருந்துகள் கிடைக்கத் தொடங்கிய 1950களில், யாருக்குக் கொடுப்பது என்ற வினா எழுந்தது. இங்கிலாந்தில் பிளாற் என்பாரும் பிக்கரிங் என்பாரும் நிகழ்த்திய வாதம் இவ்வகையில் முதன்மையானது. உயர் குருதியமுக்கம் பரம்பரையாக வரும் தனியொரு நோய். உடையவர், இல்லாதவர் என மக்களைப் பிரிக்கலாம் என்றார் பிளாற். மனிதரின் உயரத்தைப் போலவே அமுக்கமும் சிறுகச் சிறுக வேறுபடுவது. இடையில் இயற்கை கோடெதனையும் கீறவில்லை என்றார் பிக்கரிங். வாதத்தில் வென்றவர் பிக்கரிங்கே. ஆயின் கோடு இல்லாமல் வைத்தியர் எவ்வாறு குளிசை எழுதுவது? எனவே கோடுகள் கீறப்பட்டன.

அவற்றுக்கு ஆதாரம் தேடிய பரிசோதனைகளில் இளைஞர் பெரிதும் விடுபட்டமை கவனத்துக்குரியது. 1985 இல் முடிவு வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பரிசோதனையில், கீழளவு 90 முதல் 109 வரையான 17,354 பேர் பங்குபற்றினர். அவர்களது வயது 35 முதல் 64 வரை. மருந்து பாரிசவாதத்தைக் குறைத்தது உண்மையே. எனினும், ஒருவரைப் பாரிசவாதத்திலிருந்து காக்க ஏறத்தாழ 850 பேர் ஓராண்டு மருந்துண்ண வேண்டும் எனவும் அறியப்பட்டது. இருபத்தைந்து வயதினர் பற்றி இக்கணக்கு எதுவும் கூறவில்லை.

பெயர் சூட்டுதலுக்கும் ஒரு விலையுண்டு. கனடாவின் ஹமில்ற்றன் நகர உருக்காலைத் தொழிலாளர் பற்றி 1978 இல் வெளியான ஆய்வொன்று, உயர் குருதியமுக்கம் உண்டென அறிவிக்கப்பட்டதன் பின் அவர்கள் வேலைக்கு வராத நாட்கள் கூடின எனக் காட்டியது. மருந்துண்டோர், உண்ணாதோர் இருசாராரிடமும் இது காணப்பட்டது. நோயன்று, நோயின் பெயரே அவர்களைப் படுக்கவைத்தது போலும். பிக்கரிங்கின் மகனான தோமஸ் பிக்கரிங் 1988 இல் நியூயோர்க்கில் வெளியிட்ட ஆய்வும் இங்கு நோக்கற்பாலது. எல்லையோர அமுக்கமுடையோரில் 21 வீதமானோருக்கு வைத்தியரின் முன்னிலையில் மட்டுமே அமுக்கம் உயர்ந்தது. அவர்களுள் இளையோர் மிகுந்திருந்தனர். தந்தை கோட்டை ஐயுற்றார். மகன் அளவையே ஐயுற்றார். வீட்டிலும் அளந்து பார்த்தபின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்ற இன்றைய வழக்கம் இத்தகைய ஆய்வுகளின் பேறாகும்.

மருந்துக்கு முந்திய வழியாகிய உணவும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1940களில் அமெரிக்காவில் கெம்ப்னர் என்னும் வைத்தியர் உப்பிடாத சோறும் பழமும் சீனியுமே கொடுத்துக் கடும் நோயாளரின் அமுக்கத்தையும் குறைத்தார். (சோறுண்ணும் நாட்டினரும் அதனைச் சகிப்பரா என்பது ஐயம்.) 1997 இல் வெளியான மற்றொரு பரிசோதனையில், பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பாற்பொருள்கள் நிறைந்த உணவு எட்டு வாரத்தில் உயர் அமுக்கமுடையோரின் மேலளவைச் சராசரி 11 மில்லிமீற்றர் குறைத்தது. இது ஒரு குளிசையின் பயனுக்குக் குறைந்ததன்று.

2017 இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் கோட்டை 130/80 க்கு இறக்கின. பல இளைஞர் உறங்கி எழுந்தபோது நோயாளராயினர். இதனை மிகைச் செயலென்று தள்ளிவிடவும் இயலாது. 18 முதல் 30 வயது வரையானோரை 1985 இலிருந்து தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று, நாற்பது வயதுக்கு முன்னர் அமுக்கம் உயர்ந்தோருக்குப் பிற்காலத்தில் இதயநோயும் பாரிசவாதமும் மிகுதி என 2018 இல் காட்டியது. ஆனால் மருந்து தொடங்குவதற்குரிய கணிப்போ அடுத்த பத்தாண்டின் ஆபத்தையே நோக்குகின்றது. அக்கணிப்பில் இளைஞர் வயதினாலேயே ஆபத்தற்றவராகிவிடுகின்றனர். 2025 இல் அதே அமைப்புகள் இதற்கொரு நடுவழி கண்டன. அத்தகையோர் முதலில் உப்பைக் குறைத்து, நிறையைக் குறைத்து, உடற்பயிற்சி செய்து மூன்று முதல் ஆறு மாதம் பார்த்தல். அதன் பின்னும் அமுக்கம் 130/80 இற்குக் கீழே இறங்காதவிடத்து மருந்து.