கை முந்தி, கால் பிந்தி

வாள் சண்டைன்னா பலசாலிதான் ஜெயிப்பான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய ஐரோப்பிய ஆசான்கள் அப்படி எழுதவில்லை. இத்தாலியின் ஃபியோரே 1400களின் தொடக்கத்தில் எழுதிய நூலில் ஒரு படம்; மனிதனைச் சுற்றி நான்கு விலங்குகள். கணிப்புக்கு லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை, வேகத்துக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம், காலடியில் வலிமைக்கு முதுகில் கோபுரம் சுமந்த யானை. ஆக, வலிமை நாலில் ஒன்றுதான்!

1599இல் லண்டனில் நூல் வெளியிட்ட ஜார்ஜ் சில்வர், தாக்கும்போது கை முதலில் நகரணும், கால் பிறகுதான் என்றார். கால் முந்தினால், நம் வாள் தயாராகும் முன்பே உடம்பு எதிரிக்கு எட்டிவிடும். இருவருமே சாகிற சண்டையை அவர் வித்தையாக ஏற்கவில்லை. காயமின்றி வீடு திரும்புவதே வித்தை. நான் புரிந்துகொண்டது இதுதான்.