கப்பலில் வந்த நாட்டுச் செடிகள்

சித்திரையில் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வெயிலுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பறங்கி இலை வாடித் தொங்கிவிடும். எங்கள் அம்மாச்சி வீட்டுக் கொல்லை மொத்தமே ஒன்றரை சென்ட்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடிப் பாத்திகளுக்குள் போகும். கிணற்றோரம் குண்டுமல்லி, கனகாம்பரம், அந்திமந்தாரை. வேலியை ஒட்டித் துலுக்கச் செவந்தி. அதற்கு உள்ளே கத்தரி, தக்காளி, மிளகாய். பந்தலில் பீர்க்கு, தரையில் பறங்கி. தைப்பட்டத்தில் ஊன்றியதெல்லாம் பங்குனி முடியும்போது காய்க்கத் தொடங்கும். சரியாக அப்போதுதான் எங்களுக்கும் பள்ளி விடுமுறை.

அம்மாச்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான். "ஐபிரீட்டு வெதை என் கொல்லைக்குள்ள வரக் கூடாது. இங்க இருக்கிறது பூராம் நாட்டுச் செடி."

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில், புதிதாக நாலு புத்தகம் படித்த திமிரில், நான் அவளைத் திருத்தப் போனேன். "அம்மாச்சி, ஒன் கொல்லையில பாதி நாட்டுச் செடியே இல்ல. தக்காளி, மிளகா, பறங்கி எல்லாம் அமெரிக்காவுலருந்து வந்தது. ஐநூறு வருசத்துக்கு முன்னாடி இங்க யாரும் அதைப் பாத்ததுகூடக் கிடையாது." அவள் பூப்பறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் இத்தனை வருசமா பொய்யா சொல்லிக்கிட்டு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை என்னைக் கொல்லைக்குக் கூப்பிடவில்லை.

நான் சொன்ன தகவலில் தப்பில்லை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது இங்கே காரம் என்றால் மிளகுதான். மிளகாயை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்த போர்த்துக்கீசியர்கள். தமிழில் அதற்குப் புதுச்சொல் எதையும் தேடவில்லை. மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். மலையாளத்தில் இன்னும் வெளிப்படை. டச்சு அதிகாரி வான் ரீட் கொச்சியிலிருந்தபடி, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் மூன்று கொங்கணிப் பண்டிதர்களையும் துணைக்கு வைத்துத் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிளகாயின் பெயர் 'காப்போ மொளகோ', அதாவது கப்பல் மிளகு. கேரளத்தில் வேர்க்கடலையை இன்றும் கப்பலண்டி என்கிறார்கள். எந்த வழியாக வந்ததோ அதுவே பெயர்.

எங்கள் கொல்லையிலும் அப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. பறங்கிக்காயில் இருக்கிற பறங்கி, பறங்கிப்பேட்டையில் இருக்கிற அதே பறங்கிதான். போர்த்துக்கீசியரையும் பொதுவாக ஐரோப்பியரையும் அப்படித்தான் சொன்னார்கள். துலுக்கச் செவந்திக்கும் துருக்கிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது மெக்சிகோவின் பூ. எங்கிருந்தோ வந்தது என்று சொல்வதற்கு அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த சொல் அது, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் மட்டும் என்ன? அதே பூவில் ஒரு வகையைப் பிரெஞ்சு என்றான், இன்னொன்றை ஆப்பிரிக்கன் என்றான். இரண்டும் அங்கே பிறந்ததில்லை. மெக்சிகோவில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் கல்லறைகளை இந்தப் பூவால்தான் நிரப்புகிறார்கள். நம்மூரில் சாமிக்கும் பிணத்துக்கும் ஒரே மாலை.

அந்திமந்தாரையை ஐரோப்பியர்கள் 'பெருவின் அதிசயம்' என்று அழைத்தார்கள். நம் ஆட்களுக்குப் பெரு எங்கே என்பது பொருட்டில்லை. அந்தியில் பூக்கிறது, அந்திமந்தாரை. முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது தக்காளியின் கதை. தக்காளி என்ற சொல் தக்காளிப்பழத்துக்கு முன்பே தமிழில் இருந்தது. மணத்தக்காளி, வேலியோரம் முளைக்கும் சொடக்குத்தக்காளி ஆகியவற்றின் பெயர் அது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கம் காட்டுச்செடியாக இருந்து, மெக்சிகோவில் பயிராகி, ஐரோப்பா போய் இங்கே வந்த பெரிய சிவப்புப் பழத்தைப் பார்த்ததும், இதுவும் அந்தச் சாதிதான் என்று யாரோ கண்டுபிடித்துச் சீமைத் தக்காளி என்றிருக்கிறார்கள். தாவரவியல்படி மூன்றும் ஒரே குடும்பம்தான். இதைவிட ஆச்சரியம், மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலும் 'தொமாட்டில்' என்ற சொல் சொடக்குத்தக்காளியின் நெருங்கிய உறவான, உறை மூடிய பச்சைப் பழத்துக்கும் உரியது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே இலையைக் கசக்கி, ஒரே பூவைப் பார்த்து, ஒரே உறவுமுறையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு சீமை உதிர்ந்துபோய் வெறும் தக்காளி ஆனது. எல்லாவற்றுக்கும் அப்படி உதிர்வதில்லை. விறகுக்காகக் கொண்டுவந்த சீமைக் கருவேலத்துக்கு நூறு வருடம் தாண்டியும் சீமை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் பக்கம் புளியைப் பாருங்கள். ஆப்பிரிக்க மரம், அரபுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரோ இந்தியப் பேரீச்சை!

சரி, இவ்வளவு தெரிந்தும் நான் எங்கே தப்பு செய்தேன்? 'நாட்டு' என்ற சொல்லில். பிறந்த ஊரைச் சொல்கிற சொல் என்று நினைத்துக்கொண்டேன். தக்காளி வெறும் தக்காளியாக இருந்தவரை அதற்கு அந்த முன்னொட்டு தேவைப்படவில்லை. கடையில் கெட்டித்தோல் ஒட்டுரகம் வந்த பிறகுதான், நேற்றுவரை சீமையாக இருந்தது நாட்டுத் தக்காளி ஆனது. கலப்பின விதையின் முதல் தலைமுறை ஒரே சீராகக் காய்க்கும். அதன் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று சிதறும். ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். அம்மாச்சியின் செடிகளுக்கு அது தேவையில்லை. அவள் நாட்டு என்றபோது சொன்னது இதைத்தான். இதன் விதையை நான் எடுக்கலாம், வைக்கலாம், அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. அந்தச் சண்டைக்கு மூன்றாம் நாள், அவளே கூப்பிட்டாள். "அமெரிக்காக்காரி, இங்க வா." பழுத்து மஞ்சளாகிப்போன ஒரு கத்தரிக்காயைப் பறிக்காமல் விட்டிருந்தாள், முதல் காய்ப்பில் நல்ல காய் ஒன்று விதைக்கு. தக்காளியைப் பிழிந்து விதையைச் சாம்பலில் புரட்டினாள். பறங்கி விதைகளைச் சாண உருண்டைக்குள் பதித்துச் சுவரில் அறைந்தாள். முற்றிய பீர்க்கைப் பரணோரம் கட்டித் தொங்கவிட்டாள்; விதை போக மிச்ச நார் உடம்பு தேய்க்க. "இது ஒங்க பாட்டனோட அக்கா கொடுத்த மொளகா," என்றாள். அதற்கு முன்னால் யார் கொடுத்தது என்று கேட்டேன். "யாராச்சும் கொடுத்திருப்பாக. கப்பல்லருந்து நேரா நம்ம கொல்லைக்கா வந்திச்சு?"

நியாயமான கேள்வி. கப்பல் துறைமுகத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் கிணற்றடிவரை அந்த மிளகாயை யார் யாரோ முந்தானையில் முடிந்து நடந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். வான் ரீட் பெயரையும் இட்டி அச்சுதன் பெயரையும் சொல்ல முடிகிறது. அவர்கள் பெயர் ஒன்றுகூட எந்தத் தொகுதியிலும் இல்லை.

அம்மாச்சி போய் நான்கு வருடமாகிறது. கொல்லையும் கைமாறிவிட்டது. நாட்காட்டித் தாளில் மடித்த பொட்டலங்கள் மட்டும் என்னிடம் வந்தன. பறங்கி முளைக்கவே இல்லை, பொட்டலம் வண்டு விழுந்து கிடந்தது. மிளகாயும் செவந்தியும் மாடியில் சாக்குப்பைகளில் வந்திருக்கின்றன. போன வாரம் எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்தார். மிளகாய் விதை கொஞ்சம் கிடைக்குமா, என்ன ரகம் என்று கேட்டார்.

"நாட்டு மிளகாக்கா," என்றேன்.