பழைய விலைகள் சொல்லும் சாட்சி

வர்த்தக விதி ஒன்றைப் பழைய பங்கு விலைகளில் ஓட்டிப் பார்ப்பதை பேக்டெஸ்ட் என்கிறோம். இதன் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று லாபம் தேடியல்ல, ஆலோசகர்களின் பேச்சைச் சோதிக்கவே நடந்தது. 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் அவர்கள்மேல் நம்பிக்கை இழந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் கோல்ஸ், 1933-இல் எகனாமெட்ரிகா இதழில் தம் ஆய்வை வெளியிட்டார். சந்தைப் போக்கைக் கணிக்கும் டௌ கோட்பாட்டை வைத்து வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வில்லியம் பீட்டர் ஹாமில்டன் 26 ஆண்டுகள் எழுதிய தலையங்கங்களை அதில் கணக்கிட்டார். ஹாமில்டன் சொன்னபடி வாங்கி விற்றிருந்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைத்திருக்கும். முன்னணித் தொழிற்பங்குகளை வாங்கிச் சும்மா வைத்திருந்தால் 15.5 சதவீதம். அதைவிட முக்கியமானது, கோல்ஸ் சீட்டுக் குலுக்கி உருவாக்கிய 24 கற்பனைக் கணிப்பாளர்கள். நிஜமான 24 பத்திரிகைக் கணிப்புகளில் சிறந்தவைகூட, குருட்டு அதிர்ஷ்டம் தந்திருக்கக்கூடியதை அதிகம் தாண்டவில்லை.

இந்த எச்சரிக்கை காலப்போக்கில் மறந்துபோனது. 1961-இல் பொருளியலாளர் சிட்னி அலெக்சாண்டர், விலை தாழ்நிலையிலிருந்து 5 சதவீதம் ஏறினால் வாங்கு, உச்சத்திலிருந்து 5 சதவீதம் இறங்கினால் விற்றுவிடு என்பது போன்ற விதிகளைச் சோதித்துப் பெரும் லாபம் காட்டினார். சரியாக 5 சதவீதம் ஏறிய புள்ளியிலேயே வாங்க முடியும் என்று அவர் வைத்துக்கொண்டதுதான் கோளாறு. விலை தாவித்தான் நகர்கிறது என்பதைக் கணிதவியலாளர் மாண்டல்பிராட் எடுத்துக்காட்டினார். 1964-இல் அலெக்சாண்டரே கணக்கைத் திருத்தியபோது லாபம் வெகுவாகச் சுருங்கியது. 1966-இல் பொருளியலாளர்கள் ஃபாமாவும் புளூமும் டௌ குறியீட்டின் 30 பங்குகளில் தரகுச் செலவையும் கழித்துப் பார்த்தார்கள். வாங்கிச் சும்மா வைத்திருப்பதே மேல் என்றாகிவிட்டது.

இன்று தரகு குறைவு, விலைத் தரவும் துல்லியம், ஆகவே அந்தப் பழைய குறைகள் பொருந்தா என்பார்கள். தரகைப் பொறுத்தவரை அது நியாயமான வாதமே. ஆனால் சோதனை மலிவானதே புதிய ஆபத்தைக் கொண்டுவந்தது. விலையின் இரண்டு நகரும் சராசரிகளுக்கு ஐம்பது ஐம்பது கால அளவுகள் கொடுத்தால் மென்பொருள் 2,500 விதிகளை ஓட்டி, முதலிடம் பெற்றதை நீட்டுகிறது. அத்தனை பேர் சீட்டெடுத்தால் ஒருவருக்காவது பெரிய பரிசு விழாதா? ஸ்கிரிப்டிலும் பிழை எளிதாக நுழைகிறது. ஆமிபுரோக்கர் என்ற பேக்டெஸ்ட் மென்பொருளில் ரெஃப் கட்டளைக்குள் மைனஸ் 1 என்றால் நேற்றைய விலை. அந்த மைனஸ் விட்டுப்போனால் நாளைய விலை. நாளைய விலை தெரிந்தவருக்கு எந்த விதியும் லாபம் தரும். எதிர்காலத்தை முன்பே அறிந்துவிடும் இதே சிக்கல் பங்குப் பட்டியலிலும் உண்டு. 2009 ஜனவரியில், விலை சரிந்து வீழ்ந்த சத்யம் நிறுவனம் நிஃப்டி 50 குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டது. இன்றைய 50 பங்குகளை வைத்து 2005 முதல் ஓட்டுபவரின் கணக்கில் அந்த வீழ்ச்சி வரவே வராது.

அதனால் பேக்டெஸ்டே வீண் என்று நான் சொல்லவில்லை. பொய்யான விதியைக் கழித்துக்கட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை. லாபத்தைக் காட்டுபவர், எத்தனை விதிகளை ஓட்டிப் பார்த்து இதை எடுத்தார் என்பதையும் காட்டட்டும். அந்த எண் இல்லாத அறிக்கையை நம்பிப் பணம் போடாதீர்கள்.