பழைய தீவுக்குத் திரும்பிப் போறது

மிஸ்ட் விளையாட்டைத் தொடங்கினால் யாரும் எதுவும் சொல்லித் தரமாட்டினம். ஆளில்லாத ஒரு தீவு, ஒரு சின்ன நூலகம், தண்ணிக்குள்ள பாதி மூழ்கின கப்பல். சுடத் துவக்கும் இல்லை. என்ன செய்யவேணும் எண்டதையே நாங்கள்தான் கண்டுபிடிக்கவேணும்.

1993இல் இதை உருவாக்கியது சயன் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம். ராண்ட் மில்லர், ரொபின் மில்லர் என்ற சகோதரர்களுடையது. அப்பிளின் ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளில் ஒரு அட்டைக்கு ஒரு படம், படத்தைக் கிளிக் பண்ணினால் அடுத்த அட்டை. அப்படிக் கிட்டத்தட்ட 2,500 படங்கள். மனிதர்களைத் தீவில் நடமாடவிட அப்போதைய கொம்பியூட்டரால் ஏலாது. அதால ஆட்கள் புத்தகங்களுக்குள்ள, சின்ன வீடியோச் சதுரங்களில் மட்டும் வருவினம். நடிச்சதும் அந்தச் சகோதரர்கள்தான். பிறகு எல்லாரும் புகழ்ந்த அந்தத் தனிமையில் பாதி, வசதிக் குறைவு தந்தது. 60 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இங்கதான் ரீமேக்கின் சிக்கல் தொடங்குது. 2000இல் வந்த ரியல்மிஸ்டில் தீவு முழுக்கச் சுதந்திரமாக நடக்கலாம். 2020இல் மெய்நிகர் கண்ணாடிக்கும் அடுத்த வருடம் கொம்பியூட்டருக்கும் இன்னொரு மிஸ்ட் வந்தது. அதில் புதிர்களின் விடைகளை மாற்றிப்போடும் வசதியும் இருக்கு. பழைய விடையைக் கொப்பியில எழுதி வைச்சிருக்கிற ஆக்களுக்காக ஆக்கும். ஆனால் அசையாப் படத்தில் எங்க பார்க்கவேணும் எண்டதைப் படைத்தவர் முடிவுசெய்திருந்தார். நடந்து திரியேக்க அந்தக் கட்டமைப்பு கரைஞ்சு போகுது. எங்களுக்கு இன்னும் பழைய மிஸ்ட்தான் பிடிக்குது, உண்மையைச் சொன்னால்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. 1990இன் மங்கி ஐலண்ட் 2009இல் புது ஓவியத்தோடும் குரலோடும் வந்தபோது, எஃப்10 விசையை அழுத்தினால் அந்த இடமே பழைய படத்துக்கு மாறும். பழையதை ஒளிக்கேல்ல. எங்களுக்குப் பிடிச்ச நேர்மை இது.

ஆனால் ரிவனில் நாங்கள் தோற்றுப்போனோம். 1997இல் அது ஐந்து சீடிகளில் வந்தது. தீவு மாறேக்க சீடியும் மாத்தவேணும். கதையில் கேன் என்றொருவன் தீவுவாசிகளுக்குக் கடவுளாகத் தன்னைக் காட்டிக்கொண்டு ஆளுறான். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கு: தொங்குற ஒரு மனித உருவம், கீழே வாய் பிளந்த கடல் விலங்கு. சுழற்றினால் ஒரு எண்குறி வரும். உருவம் அத்தனை படி கீழே இறங்கும். அதை எண்ணித்தான் நாங்கள் அவனுடைய எண்களைப் படிக்கிறம். 25ஐ அடியாகக் கொண்ட எண்முறை, 1இன் குறியைத் திருப்பினால் 5. கணக்குப் பாடமும் பயமுறுத்தலும் ஒரே சாமானுக்குள்ள. அதிகாரம் பள்ளிக்கூடத்துக்குள்ள எப்படி நுழையுது எண்டதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விளையாட்டை நாங்கள் வேறு பார்க்கேல்ல.

ரசிகர்கள் கனகாலமாக ரிவனை முப்பரிமாணத்தில் திரும்பக் கட்ட முயன்றுகொண்டிருந்தவை. பிறகு சயன் தானே அந்த வேலையைப் பொறுப்பெடுத்து, 2024 ஜூனில் வெளியிட்டது. சில புதிர்களையே மாற்றியமைத்தார்கள். முந்தி விளையாடின ஆக்களும் எங்களை மாதிரிப் புதிதாக வந்த ஆக்களும் ஒரே இடத்தில் முழிச்சுக்கொண்டு நிற்கவேண்டியதாப் போச்சு. ரிவனின் இடங்கள் நடந்து பார்க்கவே கட்டின மாதிரி இருக்கு. அதால இங்க நடை எதையும் கரைக்கேல்ல.

பழைய ரிவனில் நடிகர்களைப் படம்பிடித்துச் சேர்த்திருந்தார்கள். கேனாக நடித்த ஜோன் கெஸ்டன் 2022இல் காலமானார். புது ரிவனில் கேனின் உருவம் கொம்பியூட்டரில் செய்தது. குரல் மட்டும் 1997இல் கெஸ்டன் பேசியது.