நோயாளியின் உயிர் ஓர் அமானிதம்: ஹிஸ்பா காலத்து மருத்துவ ஒழுங்கு

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் அப்பாஸிய கலீஃபா முக்ததிர் ஆட்சி புரிந்த காலம். வைத்தியர் ஒருவரின் தவறான சிகிச்சையால் பொதுமக்களுள் ஒருவர் இறந்துபோனார் என்ற செய்தி கலீஃபாவுக்கு எட்டியது. உடனே அவர் நகரின் முஹ்தஸிபுக்கு ஆணை அனுப்பினார்: தேர்வு செய்யப்பட்டுத் தகுதிச் சான்று பெறாத எவரும் இனி வைத்தியம் செய்யக் கூடாது.

முஹ்தஸிப் என்பவர் சந்தையின் எடை, அளவு, உணவுப் பொருள், தொழில் நேர்மை ஆகியவற்றைக் கண்காணித்த அதிகாரி. அவர் பொறுப்பில் இருந்த துறைக்கு ஹிஸ்பா என்று பெயர். தராசில் குறைவு செய்பவரைத் தடுக்கும் அதே அதிகாரம், அறியாமல் மருந்து கொடுப்பவரையும் தடுத்தது என்பது கவனிக்கத்தக்கது.

தேர்வை நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஹர்ரான் ஸாபியீன்களின் வழிவந்தவர். அந்நாளில் அவர் முஸ்லிமாக இருக்கவில்லை. மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கலீஃபா அறிவையும் நம்பகத்தன்மையையுமே பார்த்தார். பெயர் பெற்றவர்களுக்கும் அரசுப் பணியில் இருந்தவர்களுக்கும் விலக்களித்த பின்னரும், தேர்வுக்கு வந்தோர் 860-க்கும் அதிகமானோர் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ பதிவு செய்கிறார்.

அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி சிந்திக்க வைப்பது. கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் தேர்வுக்கு வந்தார். தமக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பம் இத்தொழிலை நம்பியே இருக்கிறது என்றும் சொல்லிப் பிழைப்பைப் பறித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். ஸினான் இரண்டு நிபந்தனைகளோடு அவரை அனுமதித்தார்: தமக்குத் தெரியாத எதையும் நோயாளியிடம் செய்து பார்க்கக் கூடாது, எளிய நோய்களுக்கு அன்றி இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ கூடாது. தம் வாழ்நாள் வழக்கமே அதுதான் என்றும், தேனும் காடியும் சேர்த்த பானகத்தையும் சர்பத்தையும் தாண்டித் தாம் சென்றதில்லை என்றும் முதியவர் பதிலளித்தார். நோயாளியின் பாதுகாப்புக்கு முதல் அரண், சிகிச்சை செய்பவர் தம் அறிவின் எல்லையை அறிந்து அங்கே நின்றுகொள்வதுதான்.

இந்த ஒழுங்கின் வேர் ஹதீஸில் இருக்கிறது. மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் கூற்று அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது போதுமான பதிலாக அங்கே ஏற்கப்படவில்லை.

இரண்டாவது அரண் எழுத்து. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்னும் அறிஞர் முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அதில், பண்டைய கிரேக்கர்களின் வழக்கம் என்று சொல்லி, ஒரு நடைமுறையை விவரிக்கிறார். வைத்தியர் நோயாளியிடம் நோயின் காரணத்தையும் வலியையும் கேட்டறிந்து, கொடுக்கும் மருந்துகளை எழுதி, அங்கிருப்போர் சாட்சியாக அதன் பிரதியை வீட்டாரிடம் தர வேண்டும். மறுநாள் வந்து மீண்டும் பார்த்து மீண்டும் எழுத வேண்டும். நோயாளி குணமடைந்தால் கூலி பெறுவார். இறந்துவிட்டால் வீட்டார் அப்பிரதிகளைத் தலைமை வைத்தியரிடம் கொண்டு செல்வர். சிகிச்சை முறையாக நடந்திருந்தால், ஆயுள் முடிந்தது என்று அவர் அறிவிப்பார். அலட்சியம் தெரிந்தால், வைத்தியரிடமிருந்து தியத் என்னும் உயிரீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ளச் சொல்வார். வைத்தியர்கள் ஹிப்போக்ரட்டீஸின் உறுதிமொழியை ஏற்க வேண்டும், கண் வைத்தியர்கள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் நூலில் தேர்வு செய்யப்பட வேண்டும், மருந்து விற்போரின் கலப்படம் சோதிக்கப்பட வேண்டும் என்றும் அக்கையேடு வலியுறுத்துகிறது.

மூன்றாவது அரண் நீதி. ஹிஜ்ரி 751-இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் மேற்கண்ட ஹதீஸை விளக்கும்போது வைத்தியர்களை வகைப்படுத்துகிறார்கள். திறமையாளர் அனுமதி பெற்று, முறை தவறாமல் செய்தும் கேடு நேர்ந்தால் அவர்மீது பொறுப்பு இல்லை. அறியாதவர் நோயாளியை ஏமாற்றிச் செய்தால் பொறுப்பு உண்டு. நோயாளியின் அல்லது அவருடைய பொறுப்பாளரின் அனுமதி இன்றிச் செய்வது தனி வகை. திறமையாளரின் கை தவறிவிட்டால் ஈடு கொடுக்கப்பட வேண்டும். பெருந்தொகையாயின் அவருடைய உறவுக் குழுவினர் அதைச் சுமப்பர். சில நிலைகளில் பைத்துல் மாலும் சுமக்கும் என்ற கருத்து உண்டு. இதனால் பாதிக்கப்பட்டவர் கைவிடப்படுவதில்லை; தவறிய திறமையாளரும் தனியாக நசுக்கப்படுவதில்லை.

இந்த வேறுபாட்டின் அருமையை நவீன மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில் மிகுதியாகப் பேசுகிறது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் கெட்ட மனிதர்கள் அல்லர், குறைபாடுள்ள பணிமுறையே என்றும் அது கூறியது. தண்டனைக்கு அஞ்சித் தவறை மறைக்கும் செவிலியரால் அடுத்த நோயாளிக்கு ஆபத்து. உடனே சொல்பவரால் அடுத்த உயிர் காக்கப்படுகிறது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர், செய்யவிருக்கும் சிகிச்சை, உடலில் எந்த இடம் என்பவை கத்தி வைக்கும் முன் வாய்விட்டு உறுதி செய்யப்படுகின்றன. எழுது, சாட்சி வை, மீண்டும் பார் என்ற பழைய ஒழுங்கின் சாயல் இதில் தெரிகிறது.

மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் சகோதர சகோதரிகளுக்கு இதில் பாடம் உண்டு. ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் கையைச் சுத்தம் செய்வதும், மருந்து கொடுக்கும் முன் பெயர், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதும் அமானிதத்தை நிறைவேற்றுவதன் பகுதியே. தெரியாததைத் தெரியாது என்று மூத்தவரிடம் சொல்வதில் இழிவு இல்லை.

குடும்பத்தினருக்கும் கடமை உண்டு. மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் சாப்பிடும் நாட்டு மருந்து உட்பட அனைத்தையும், ஒவ்வாமை இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் பணிவோடு கேளுங்கள். கேட்பது தவக்குலுக்கு முரணானது அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி.

குணமளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவனுடைய அடியார்களின் உயிரைக் கையில் ஏந்தி நிற்போருக்கு அறிவையும் கவனத்தையும் அச்சத்தையும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.