கராஜில் படித்தவருக்கு அடுத்த பாடம் எங்கே?

பூண்டுலோயாவில் வண்டி பழுதானால் நாம் முதலில் கேட்பது, "பாஸ் இருக்காரா?" டச்சுக்காரர் விட்டுப்போன சொல் இது. சிங்களம் வழியாக நம்ம பேச்சுக்கு வந்து, மேசன், தச்சர், மெக்கானிக் எல்லோருக்கும் பட்டமாகிவிட்டது. அவரிடம் வேலை பழகும் பையனைச் சிங்களத்தில் ‘கோலயா’ என்பார்கள். சீடன் என்று அர்த்தம்.

நம்ம ஆட்கள் ஏன் இப்படிச் சீடர்களாகவே தொழில் பழகினார்கள்? 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1959இல் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு, போக்குவரத்துச் சபை பஸ்களைத் திருத்த ஆட்களைப் பழக்கும் பயிற்சிப் பள்ளி வெரஹெரவில் வந்தது. 1971இல் பயிலுனர்களுக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. ஆனால் அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமை வேணும். தோட்டப் பாடசாலைகளிலோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். கொழுந்து மலையை விட்டு வெளியேற நினைத்த பையனுக்குத் திறந்திருந்த கதவுகளில் ஒன்று கராஜ்.

அந்தப் படிப்பு லேசானதல்ல. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, பழைய மொரிஸ் மைனர்களை ஓடவைத்தது இந்தக் கைகள்தான். கிடைக்காத பாகத்தைக் கடைசலில் செய்து போட்டார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் வண்டிகளும் இந்திய ஓட்டோக்களும் குவிந்தன. அதையும் பழகினார்கள். 2008இலிருந்து டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதி நின்றது. ஃபோர் ஸ்ட்ரோக்கையும் பழகினார்கள். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் அவர்களது பாடப்புத்தகம்.

2010களில் ஹைபிரிட் கார்கள் வந்ததும் அது போதாமல் போச்சு. பழுது எங்கே என்று ஸ்கேனர்தான் சொல்லுது. ப்ரியஸ் போன்ற காரின் பெரிய பேட்டரியில் 200 வோல்ட் அளவு மின்சாரம் இருக்கு. செம்மஞ்சள் வயரைத் தொடும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்கணும், காப்புக் கையுறை போடணும். கழற்றிப் பார்த்துப் பழகும் வழி இங்கே உயிருக்கே ஆபத்து. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டது. இனி மின்சார வண்டிகளும் கூடும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. 2000களின் நடுவிலிருந்து ஏழு மட்டங்களோடு தேசிய தொழிற் தகைமை முறை, அதாவது என்.வி.கியூ., இருக்கு. ஓ.எல். இல்லாதவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தன் அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து, சான்றிதழ் எடுக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அளக்குது. தெரியாததைச் சொல்லிக்குடுக்காது.

முழுநேர வகுப்புக்குப் போனால் கராஜ் பூட்டிக்கிடக்கும், அன்றைய வருமானமும் போகும். அதனால் நாங்கள் கேட்பது சின்ன விஷயம். பின்னேரத்தில் குறுகிய வகுப்பு, தமிழில், தலவாக்கலையிலோ பூண்டுலோயாவிலோ. நாலைந்து கராஜுக்குப் பொதுவாக ஒரு ஸ்கேனர். எல்லோருக்கும் கையுறை.

அன்று பிரஜாவுரிமை இல்லாததால் பயிற்சி கிடைக்கவில்லை. இன்று அந்தக் காரணம் இல்லை. உங்க ஊர் பாஸிடம் ஒருதடவை கேட்டுப்பாருங்கள்: கடைசியாக அவருக்குப் புதுசாக ஏதாவது யாராவது சொல்லிக்குடுத்தது எப்போது?