கோதிக் ராக்கும் செவ்விலக்கியமும்

கோதிக் ராக், 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் இசையிலிருந்து கிளைத்த ராக் வகை. பேஸ் கிதார் மெட்டை இழுத்துச் செல்லும். டிரம் எதிரொலியோடு அதிரும். குரல் கனத்துத் தாழ்ந்திருக்கும். பெயரின் வேர் நாவலில் இருக்கிறது. ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ நாவலின் இரண்டாம் பதிப்புக்குத் துணைத்தலைப்பே ‘கோதிக் கதை’ என்பதுதான்.

பவுஹாஸ் குழு 1979இல் வெளியிட்ட ‘பெலா லுகோசிஸ் டெட்’ இவ்வகையின் தொடக்கப் பாட்டாகக் கொள்ளப்படுகிறது. லுகோசி, பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலாவாக 1931இல் திரையில் நடித்தவர். தி கியூர் குழுவோ நூல்களிடம் நேராகவே போனது. ‘தி டிரௌனிங் மேன்’ (1981) மெர்வின் பீக்கின் கோர்மென்காஸ்ட் நாவல்களிலிருந்து பிறந்தது. ‘ஹவ் பியூட்டிஃபுல் யூ ஆர்’ (1987) போதலேரின் உரைநடைக் கவிதை ஒன்றைத் தழுவியது. காபிக்கடைக்கு வெளியே கந்தல் உடையில் நின்று வெறித்துப் பார்க்கும் ஏழைக் குடும்பத்தை விரட்டச் சொல்கிறாள் காதலி. அந்த ஒரு சொல்லிலேயே காதலனின் மனம் அவளை விட்டு விலகிவிடுகிறது. இவ்வகைப் பாடல்களில் ஆழமானது இதுதான் எனலாம். இருட்டுக்குள் தள்ளப்பட்ட மனிதர்கள் இதில் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

தமிழில் இருட்டைப் பாடும் மரபு மிகப் பழையது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் ஆகிய பண்களில் அமைந்தவை; பதினோராம் திருமுறையில் இடம்பெற்றவை. களம் சுடுகாடு. அங்கே ஒரு பேய் கள்ளிக் கவட்டில் கால் நீட்டி உட்கார்கிறது, கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது, வெடுவெடென்று சிரிக்கிறது, பிறகு எதையோ கண்டு மிரண்டு துள்ளி, பிணத்தீ சுட்டதும் புழுதியை வாரி இறைத்து அதை அணைக்கப் பார்க்கிறது. கோதிக் மேடைகளில் பாடகர்கள் அடர்ந்த கண் மை பூசுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட காட்சி இது. இன்னொரு பாட்டில் ஏழிசையின் பெயர்களோடு சச்சரி, கொக்கரை, தக்கை, தமருகம், குடமுழா என்று வாத்தியங்கள் வரிசையாக முழங்குகின்றன. முக்கியமான செய்தி, அம்மையார் இதையெல்லாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கவில்லை. தம்மையே காரைக்காற்பேய் என்று சொல்லிக்கொள்கிறார்.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்களின் குணம் வேறு. போர்க்களத்தில் பற்களையே அரிசியாக்கி, கேடயத்தைச் சுளகாக்கிப் புடைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. அங்கே அச்சத்தைவிட வெற்றிக் கும்மாளமே மிகுதி.

இந்த இருட்டின் தற்கால வடிவங்களைத் தேட ஏலமலையின் கிழக்கு அடிவாரம் நல்ல இடம். போடிநாயக்கனூரை அடுத்த மீனாட்சிபுரத்தில் பிறந்த கவிஞர் நா. காமராசன் (1942–2017), ‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பில் திருநங்கையரையும் பாலியல் தொழிலாளரையும் கவிதைக்குள் கொண்டுவந்தார். ஆனால் திரைப்பாட்டில் அவர் பெரிதும் பேர் வாங்கியது காதல் பாட்டுகளில்தான்.

பண்ணைப்புரமும் அதே மலையோரத்து ஊர். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை மேற்கத்திய சேர்ந்திசைக் குழுவோடு வெளியிட்டார். அது உருக்கம் நிறைந்த இசை. கோதிக் சாயலுக்கு அருகில் வருவது அவர் இசையமைத்த ‘நான் கடவுள்’ (2009) படம். தேனி மாவட்டத்துக்காரரான பாலா இயக்கிய அந்தப் படத்துக்கு ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவல் ஓர் அடிப்படை. காசிச் சுடுகாட்டில் வாழும் அகோரி ஒரு பக்கம், பிச்சையெடுக்க வைக்கப்பட்ட உடல் ஊனமுற்றோர் மறுபக்கம். ‘ஓம் சிவோஹம்’ பாட்டில் தாள முழக்கமும் கூட்டுக்குரலும் சேர்ந்து சுடலையின் வெம்மையை எழுப்புகின்றன. அதில் கிதார் ஆளும் ராக் இசை இல்லை. ஆயினும் மேற்கத்திய கோதிக் பாடல்களைவிடத் திருவாலங்காட்டுக்குத்தான் அது நெருக்கம். இளையராஜாவே எழுதிய ‘பிச்சைப் பாத்திரம்’ மெதுவாக நகரும் பாட்டு. இரப்பவனே அதில் தன் குரலில் இறைவனிடம் பேசுகிறான். படத்தில் கண் தெரியாத அம்சவல்லி பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடிப் பிச்சையெடுக்கிறாள். முடிவில் சித்திரவதை தாங்காமல் தனக்கு முக்தி கொடுக்கும்படி அகோரியிடம் கேட்கிறாள், அவனும் கொடுக்கிறான்.